பரணில் கிடந்த கணிப்பொறி

(பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி, திருக்கோகர்ணம்)

முன்னுரை



நம் திருக்கோகர்ணத்திற்கு வெளியூரிலிருந்து உறவினர் வந்தால் அவர்களை இரண்டு இடங்களுக்கு நாம் தவறாமல் அழைத்துச் செல்வோம். ஒன்று, கோகர்ணேசுவரர் கோயில். மற்றொன்று, புதுக்கோட்டை சமஸ்தானக் காலத்தில் 1910-ஆம் ஆண்டில் தோன்றிய அரசு அருங்காட்சியகம். அங்கே கற்சிலைகள், காசுகள், ஆயுதங்கள், ஓவியங்கள் எனப் பலவும் இருப்பதை நாம் அனைவரும் பார்த்திருக்கிறோம்.

சென்ற ஆண்டு வகுப்புடன் அங்குச் சென்றபோது எங்கள் அறிவியல் சகோதரி ஒரு வினா எழுப்பினார். “இன்று உங்கள் வீடுகளில் உள்ள பொருள்களுள் எது நூறு ஆண்டுகளுக்குப் பின் இங்கே வந்து சேரும்?” என்று கேட்டார். ஒருத்தி அம்மிக்கல் என்றாள். மற்றொருத்தி அரிக்கேன் விளக்கு என்றாள். நான், “கணிப்பொறி” என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். சகோதரி மட்டும் சிரிக்கவில்லை. “வரலாம். ஆனால் அதுவரை அதை யார் பத்திரமாக வைத்திருப்பது?” என்றார்.

அந்த வினாவிற்கு நான் தேடிய விடையே இக்கட்டுரை. பழைய கணிப்பொறிகளைச் சேகரித்துச் சீர்செய்து பயன்படுத்தும் பொழுதுபோக்கைப் பற்றியும், அதில் இறங்கி நான் பட்ட பாட்டைப் பற்றியும், பெற்ற பாடத்தைப் பற்றியும் எழுதுகிறேன்.

உலகில் இந்தப் பொழுதுபோக்கு

தபால்தலை சேகரிப்பவர்களையும் காசு சேகரிப்பவர்களையும் நாம் அறிவோம். அவர்களைப் போலவே பழைய கணிப்பொறிகளைச் சேகரிப்பவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. தபால்தலையை ஒட்டி வைத்தால் வேலை முடிந்துவிடும். கணிப்பொறியையோ ஓடச் செய்தால்தான் அதன் உயிரைக் காண முடியும். ஓடாத கணிப்பொறி, நரம்பில்லாத வீணை போன்றது. எனவே சேகரித்தல், சீர்செய்தல், பயன்படுத்தி மகிழ்தல் என்ற மூன்றும் சேர்ந்ததே இக்கலை.

இங்கிலாந்து நாட்டில் ஹார்வெல் என்னுமிடத்தில் 1951-ஆம் ஆண்டு ஒரு கணிப்பொறி இயங்கத் தொடங்கியது. அதன் எடை இரண்டரை டன். இரண்டு எண்களைப் பெருக்க அது ஐந்து முதல் பத்து நொடி வரை எடுத்துக் கொள்ளும். நம் வகுப்பில் வாய்ப்பாட்டை நன்றாகப் படித்த ஒருத்தி அதை வென்றுவிடுவாள்! ஆனால் அது களைப்படையாது, தவறும் செய்யாது. 1973-இல் ஓய்வு பெற்று, பிறகு பாகம் பாகமாகப் பிரிக்கப்பட்டுக் கிடங்கில் கிடந்தது. பழைய பொறிகளில் ஆர்வம் கொண்ட ஒருவர், ஒரு புகைப்படத்தில் அதன் பலகையைக் கண்டு அடையாளம் தெரிந்து கொண்டார். தொண்டர்கள் கூடி மூன்று ஆண்டு உழைத்து, 2012 நவம்பரில் அதை மீண்டும் ஓட வைத்தார்கள். பிளெட்ச்லி பார்க் என்னுமிடத்தில் உள்ள தேசியக் கணிப்பொறி அருங்காட்சியகத்தில் அது இருக்கிறது.

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் உள்ள கணிப்பொறி வரலாற்று அருங்காட்சியகத்தில், 1959-இல் அறிமுகமான ஐ.பி.எம். 1401 என்னும் பொறியை, அதே பொறியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற முதியவர்கள் பலர் சேர்ந்து சீர்செய்து ஓட்டிக் காட்டினார்கள்.

சிலர் இதில் பணத்தைத்தான் பார்க்கிறார்கள். 1976-இல் 666 டாலருக்கு விற்ற ‘ஆப்பிள் 1’ என்னும் பலகை ஒன்று, 2014-இல் ஏலத்தில் 9,05,000 டாலருக்குப் போயிற்று. அந்தச் செய்தியைப் படித்துவிட்டு என் தம்பி எங்கள் வீட்டுப் பழைய கால்குலேட்டரை எடுத்து ஒளித்து வைத்துக் கொண்டான்! ஆனால் விலை மட்டுமே மதிப்பு ஆகாது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

நம் நாட்டின் முதற் கணிப்பொறிகள்

நம் இந்தியாவிற்கு முதல் டிஜிட்டல் கணிப்பொறி 1955-ஆம் ஆண்டு வந்தது. பேராசிரியர் மகாலனோபிஸ் நிறுவிய கல்கத்தா இந்தியப் புள்ளியியல் கழகம் அதை இங்கிலாந்திலிருந்து வரவழைத்தது. அதன் பெயர் ஹெச்.ஈ.சி. 2எம். அதன் நினைவகம் சுழலும் ஓர் உருளை. அதில் 1024 சொற்களே அடங்கும். இங்கே சொல் என்பது ஒரே வீச்சில் கையாளப்படும் எண்ணைக் குறிக்கும்.

நம்மவர்களே கட்டிய கணிப்பொறி பம்பாய் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் உருவாயிற்று. முனைவர் ஆர். நரசிம்மன் தலைமையில் இளம் பொறியாளர்கள் அதைக் கட்டினார்கள். 1956-இல் சோதனைப் பொறியும் 1960-இல் முழுப் பொறியும் இயங்கின. 1962-இல் பிரதமர் நேரு அதற்கு ‘டிஃப்ராக்’ என்று பெயர் சூட்டினார். அதில் 2,700 வால்வுகளும், 1,700 ஜெர்மானியம் டயோடுகளும், 12,500 மின்தடைகளும் இருந்தன.

1963-இல் கான்பூர் ஐ.ஐ.டி.க்கு ஐ.பி.எம். 1620 வந்தது. அங்கே நாடு முழுவதிலிருந்தும் வந்தவர்களுக்குக் கணிப்பொறி கற்பித்தவர்களுள் ஒருவர் ஈரோட்டில் பிறந்த பேராசிரியர் வி. இராசாராமன். இந்தியக் கணிப்பொறிகளின் வரலாற்றை எழுதி வைத்தவரும் அவரே. நம் சென்னை ஐ.ஐ.டி.க்கு 1973-இல் ஐ.பி.எம். 370 வகைப் பெரும்பொறி வந்தது. முன்னே சொன்ன 1401 பொறிகள் நம் இரயில்வேத் துறையிலும் கணக்குப் பார்த்தன. பயன்படுத்திய பொறிகளைப் பம்பாயில் புதுப்பித்து அந்த நிறுவனம் வாடகைக்கு விட்டது. ஆகவே பழைய கணிப்பொறியைச் சீர்செய்வது நம் நாட்டிற்குப் புதிதன்று. அன்று அதுவே பலருக்குப் பிழைப்பாக இருந்தது.

ஆனால் தோழியரே, இதில் ஒரு வருத்தம் உண்டு. இங்கிலாந்தில் 1951-ஆம் ஆண்டுப் பொறி மீண்டும் ஓடியது. நம்மவர் கைப்பட உழைத்துக் கட்டிய டிஃப்ராக் ஓடுவதை நாம் இன்று காண முடியாது. படங்களும் எழுத்துகளும் நமக்கு எஞ்சியுள்ளன. பழையது என்று சொல்லிக் கழித்துவிடுவது எவ்வளவு எளிது!

பள்ளிக்கு வந்த பொறி

இனி நம்மைப் போன்ற மாணவியருக்கு நெருக்கமான பொறியைப் பற்றிச் சொல்கிறேன். 1981 டிசம்பரில் இங்கிலாந்தில் ஏக்கான் என்னும் சிறு நிறுவனம், பி.பி.சி. வானொலி-தொலைக்காட்சி நிறுவனத்தின் கல்வித் திட்டத்திற்காக ஒரு கணிப்பொறியை வெளியிட்டது. அதற்குப் பெயர் பி.பி.சி. மைக்ரோ. விசைப்பலகையும் கணிப்பொறியும் ஒரே பெட்டியில் இருக்கும். தொலைக்காட்சிப் பெட்டியில் இணைத்தால் எழுத்துத் தெரியும். டேப் ரிக்கார்டரில் இணைத்தால் கேசட்டில் பாடம் பதியும்.

1984-ஆம் ஆண்டு நம் இந்திய அரசு, பள்ளிகளில் கணிப்பொறி அறிவைப் பரப்ப ‘கிளாஸ்’ என்னும் திட்டத்தைத் தொடங்கியது. முதலில் ஏறத்தாழ 250 பள்ளிகளுக்கு இந்த பி.பி.சி. மைக்ரோவே அனுப்பப்பட்டது. இந்திய மாணவர்கள் பலர் முதன்முதலாகத் தொட்ட கணிப்பொறி அதுதான்.

அதன் நினைவகம் 32 கிலோபைட். அதாவது 32,768 எழுத்துகள். இன்று நாம் தமிழைச் சேமிக்கும் முறையில் ஓர் எழுத்துக்குறிக்கு 3 பைட் வேண்டும். நான் எழுதும் இக்கட்டுரை ஏறத்தாழ 60 கிலோபைட் ஆகும். ஆகவே இந்த ஒரு கட்டுரைகூட அப்பொறியில் முழுதாக அடங்காது! 4 ஜி.பி. நினைவகம் கொண்ட கைப்பேசியில் அந்தப் பொறியைப் போல 1,31,072 பங்கு இடம் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்தபோது எனக்கே வியப்பாக இருந்தது.

ஆனாலும் அந்தச் சிறிய பொறியை எளிதாக நினைக்கக் கூடாது. அதை வடிவமைத்தவர்களுள் சோஃபி வில்சன், ஸ்டீவ் ஃபர்பர் ஆகிய இருவரும் பின்னர் ‘ஆர்ம்’ என்னும் புதிய சிப்பை வடிவமைத்தனர். 1985 ஏப்ரலில் முதல் ஆர்ம் சிப்பைச் சோதித்தபோது அதை பி.பி.சி. மைக்ரோவுடன் இணைத்தே சோதித்தனர். இன்று நம் பெற்றோர் கையில் உள்ள கைப்பேசிகளின் மூளை அந்த ஆர்ம் வழி வந்ததே. ஆகவே பள்ளிக்கூடத்துப் பழைய பொறி, கைப்பேசிக்குப் பாட்டி முறை ஆகிறது.

அப்பொறி பேசிய மொழி பேசிக். 1964-இல் அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் கெமனி, குர்ட்ஸ் என்னும் இரு பேராசிரியர்கள், அறிவியல் படிக்காதவர்களும் கணிப்பொறியைப் பயன்படுத்த வேண்டும் என்று இம்மொழியை உருவாக்கினர். இதே காலத்தில் நடந்த இன்னொரு செய்தி நம் பள்ளிக்குப் பெருமை தருவது. 1965-இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் மேரி கென்னத் கெல்லர் என்பவர் கணிப்பொறி அறிவியலில் முனைவர் பட்டம் பெற்றார். அமெரிக்காவில் அத்துறையில் அப்பட்டம் பெற்ற முதல் பெண்மணி அவரே. அவர் ஓர் அருட்சகோதரி! பிறகு அயோவா மாநிலத்துக் கிளார்க் கல்லூரியில் கணிப்பொறித் துறையைத் தொடங்கி நடத்தினார்.

பேரீச்சம்பழத்திற்குப் போக இருந்தது

இனி என் கதைக்கு வருகிறேன். என் பெரியப்பா வெளி மாவட்டத்துப் பள்ளி ஒன்றில் கணித ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு ஆண்டுகளுக்கு முன் காலமானார். சென்ற பொங்கலுக்கு வெள்ளையடிப்பதற்காகப் பெரியம்மா பரணை ஒழித்தார். பித்தளை அண்டா, உடைந்த தொட்டில் இவற்றின் நடுவே, பழைய சேலையில் சுற்றி ஒரு மூட்டை இருந்தது. வாசலில் பழைய இரும்புக்காரர் தராசோடு நின்றிருந்தார். “அது உன் பெரியப்பா ஏலத்தில் எடுத்த ஏதோ பெட்டி. போட்டுவிட்டால் இடமாவது மிஞ்சும்” என்றார் பெரியம்மா.

நான் முடிச்சை அவிழ்த்தேன். பழுப்பேறிய விசைப்பலகை. மேலே ஆந்தை வடிவில் புள்ளிகள். பி.பி.சி. மைக்ரோ! உடன் மூன்று கேசட்டுகள். ஒன்றின் மேல் பெரியப்பாவின் கையெழுத்தில் “தமிழ் – 1988” என்று எழுதியிருந்தது. நான் அதைத் தூக்கிக் கொண்டு வீட்டிற்கு ஓடி வந்துவிட்டேன். பெரியம்மாவிற்கு வர வேண்டிய பணம் ஏறத்தாழ நாற்பது ரூபாய் என் தீபாவளிக் காசிலிருந்து போயிற்று.

அன்று மாலையே நான் பெரிய தவறு செய்தேன். யாரையும் கேட்காமல் பிளக்கை மாட்டிச் சுவிட்சைப் போட்டேன். ‘பீப்’ என்று ஒலி வந்தது. என் மகிழ்ச்சி சிறிது நேரமே நீடித்தது. ‘பட்’டென்று ஓர் ஓசை; பெட்டியின் பின்புறமிருந்து வெண்புகை; வீடெங்கும் பொறுக்க முடியாத நாற்றம். அம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்து மெயின் சுவிட்சை நிறுத்தினார். அதன் பின் எனக்குக் கிடைத்த அர்ச்சனையை இங்கே எழுத இடமில்லை. பெரியப்பாவின் பொறியை நானே கொன்றுவிட்டேன் என்று அன்றிரவு அழுதேன்.

மறுநாள் எங்கள் தெருவில் பழைய டி.வி., ரேடியோ பழுது பார்க்கும் அண்ணனிடம் கொண்டு சென்றோம். அவர் திறந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். “பாப்பா, செத்தது கண்டென்ஸர்தான். பொறி பிழைத்திருக்கிறது” என்றார்.

சீர்செய்யும் முறை

அந்த அண்ணனிடமும், அறிவியல் சகோதரியிடமும், நூல்களிலும் நான் கற்ற முறைகளைத் தோழியருக்காக வரிசைப்படுத்துகிறேன்.

முதலாவது, எடுத்தவுடன் மின்சாரம் கொடுக்கக் கூடாது. பி.பி.சி. மைக்ரோவின் மின்வழங்கிப் பெட்டியில், மின்சாரத்திலுள்ள இரைச்சலை வடிகட்ட ஒரு கண்டென்ஸர் உண்டு. நம் பாடநூலில் மின்தேக்கி என்று படிக்கிறோமே, அதுதான். அதன் உள்ளே காகிதச் சுருள். வெளியே பிசின் உறை. ஆண்டுகள் பல ஆனதும் உறை வெடித்துவிடும். விரிசல் வழியே ஈரம் புகுந்து காகிதம் ஊறும். மின்சாரம் பாய்ந்ததும் சூடேறிப் புகைந்துவிடும். அதை முன்னரே மாற்றியிருந்தால் எனக்கு அர்ச்சனை கிடைத்திருக்காது. விலை சில ரூபாயே.

இரண்டாவது, சீரிஸ் பல்பு. மெக்கானிக் அண்ணன் பொறியோடு ஒரு குண்டு பல்பைத் தொடர் இணைப்பில் போட்டார். பொறியில் எங்கேனும் குறுக்குச் சுற்று இருந்தால் பல்பு முழு ஒளியுடன் எரியும். பொறிக்குத் தீங்கு நேராது. சரியாக இருந்தால் பல்பு மங்கலாகும். தொடர் இணைப்பு எதற்குப் பயன்படும் என்று தேர்வில் கேட்டால் இனி எனக்கு மறக்காது.

மூன்றாவது, துடைத்தல். பெயிண்ட் பிரஷால் தூசியைத் தட்டி, விசைகளைக் கழற்றிச் சோப்பு நீரில் கழுவி நிழலில் உலர்த்தினோம். சிப்புகளின் உலோகக் கால்களில் களிம்பு ஏறியிருந்தால் தொடர்பு விட்டுப் போகும். எனவே ஒவ்வொன்றையும் மெதுவாக அசைத்து எடுத்து மீண்டும் அழுத்திப் பொருத்தினார். கழற்றும் முன் படம் எடுத்து வைத்துக் கொள்ள வேண்டும். இல்லையேல் எந்தச் சிப்பு எந்த இடம் என்று தெரியாது.

நான்காவது, பேட்டரி ஒழுகல். இந்தப் பொறியில் பேட்டரி இல்லை. ஆனால் 1980-களின் பிற்பகுதியிலும் 1990-களிலும் வந்த பல கணிப்பொறிகளின் பலகையில் நிக்கல்-காட்மியம் பேட்டரி பற்றவைக்கப்பட்டிருக்கும். அது ஒழுகினால் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்னும் காரம் வெளிவந்து செம்புக் கம்பிகளைத் தின்றுவிடும். அதை எலுமிச்சைச் சாறு அல்லது வினிகர் தொட்டு நடுநிலையாக்கி, பிறகு தூய நீரால் துடைக்க வேண்டும். அமிலமும் காரமும் சேர்ந்தால் உப்பும் நீரும் என்று நாம் படித்த பாடம் இதுவே.

ஐந்தாவது, பழுப்பு நிறம். தீப்பற்றாதிருக்கப் பிளாஸ்டிக்கில் கலந்துள்ள புரோமின் சேர்மங்களும் வெயிலும் சேர்ந்தே பெட்டியைப் பழுப்பாக்குகின்றன என்பர். ஹைட்ரஜன் பெராக்சைடு தடவி வெயிலில் வைத்தால் வெளுக்கும். புதுக்கோட்டையில் வெயிலுக்கா பஞ்சம்! ஆனால் கண்ணுக்கும் கைக்கும் கேடு விளைவிக்கும் மருந்து என்பதால் எங்கள் வீட்டில் அனுமதி கிடைக்கவில்லை. பழுப்பாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

ஆறாவது, எச்சரிக்கை. பழைய டி.வி. குழாய்க்குள் ஆயிரக்கணக்கான வோல்ட் மின்னழுத்தம், நிறுத்திய பின்னும் தங்கியிருக்கும். மின்வழங்கிப் பெட்டியிலும் அப்படியே. இவற்றை நாம் தொடவே கூடாது. தெரிந்த பெரியவரே திறக்க வேண்டும்.

சீர்செய்தல் என்பதும் நம் நாட்டில் மதிக்கப்பட்ட அறிவியலே. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் 1930-ஆம் ஆண்டிலேயே வேதியியல் பாதுகாப்புக் கூடம் தொடங்கப்பட்டது. அதன் முன்னோடியான எஸ். பரமசிவன் மின்னாற்பகுப்பு முறையால் வெண்கலச் சிலைகளின் களிம்பை நீக்கினார். நம் மாவட்டத்துச் சித்தன்னவாசல் ஓவியங்களின் வண்ணமும் சாந்தும் எவ்வாறு செய்யப்பட்டன என்று ஆராய்ந்தவரும் அவரே. சிலைக்கு ஏறும் களிம்பும் சிப்பின் காலுக்கு ஏறும் களிம்பும் வேதியியலுக்கு ஒன்றுதான்.

எட்டுக்கு எட்டுக் கட்டத்தில் தமிழ்

கண்டென்ஸர் மாற்றிய அன்று, பழைய டி.வி.யில் இணைத்துச் சுவிட்சைப் போட்டோம். இம்முறை அம்மாவும் அருகில் நின்றார், கை மெயின் சுவிட்சின் மேல்! தாழ்ந்த ஒலி ஒன்று, உயர்ந்த ஒலி ஒன்று. திரையில் “பி.பி.சி. கம்ப்யூட்டர் 32கே” என்ற ஆங்கில எழுத்து. அதன் கீழ் “பேசிக்”. பிறகு நம் கட்டளைக்காகக் காத்திருக்கும் ஒரு சிறு குறி. அவ்வளவுதான். படமில்லை, பாட்டில்லை. நாம் ஏதேனும் சொன்னால்தான் அது செய்யும்.

இங்கேதான் பழைய பொறியின் பெருமை எனக்கு விளங்கிற்று. கைப்பேசியில் ‘அ’ என்று தொட்டால் ‘அ’ வருகிறது. அது எப்படி வருகிறது என்று யாரும் நமக்குக் காட்டுவதில்லை. இந்தப் பொறிக்கோ தமிழ் தெரியாது. நாம்தான் கற்பிக்க வேண்டும்.

ஒவ்வொரு எழுத்தும் 8 வரிசை, 8 பத்தி கொண்ட கட்டம். வரைபடத் தாளில் வரைந்து கொள்ளுங்கள். பத்திகளுக்கு இடமிருந்து வலமாக 128, 64, 32, 16, 8, 4, 2, 1 என மதிப்பு. இவை இரண்டின் அடுக்குகள் அல்லவா? நிரப்பிய கட்டங்களின் மதிப்பை வரிசைதோறும் கூட்டினால் எட்டு எண்கள் கிடைக்கும்.

‘ட’ என்னும் எழுத்தைப் பார்ப்போம். இடப்புறம் ஒரு நேர்கோடு. அடியில் ஒரு படுகோடு. முதல் ஏழு வரிசைகளில் இடக்கோடிக் கட்டம் மட்டும் நிரம்பும். ஆகவே ஒவ்வொன்றும் 128. எட்டாம் வரிசையில், அடுத்த எழுத்தோடு ஒட்டாதிருக்க வலக்கோடிக் கட்டத்தை விட்டு, மற்ற ஏழும் நிரம்பும். கூட்டினால் 254. வி.டி.யு. 23, 224 என்று தொடங்கி, ஏழு முறை 128-ஐயும் ஒரு முறை 254-ஐயும் தட்டினால், 224-ஆம் எழுத்து ‘ட’ ஆகிவிடும்! ‘ப’ வேண்டுமானால் ஏழு முறை 130, ஒரு முறை 254. ஏன் 130 என்று தோழியர் தாமே வரைந்து கண்டுகொள்க. திரையில் தெரிய, முதலில் ‘மோட் 4’ என்னும் கட்டளை இட வேண்டும்.

நான் ‘ட’வை வரவழைத்த அன்று, கடவுச்சொல் தெரியாமல் பூட்டியிருந்த ஓர் அறைக்குள் நுழைந்தது போல் இருந்தது.

கேசட்டில் இருந்தது

பிறகு “தமிழ் – 1988” கேசட்டிற்கு வந்தோம். இப்பொறி 0 என்பதை நொடிக்கு 1200 அதிர்வுள்ள ஒலியாகவும், 1 என்பதை 2400 அதிர்வுள்ள ஒலியாகவும் நாடாவில் பதியும். காதால் கேட்டால் தவளைக் கூட்டம் கத்துவது போல் இருக்கும். நாடா தளர்ந்திருந்தது. பென்சிலைச் செருகி மெதுவாகச் சுற்றினேன். முதல் முறை மூன்றாவது தொகுதியில் நின்றுவிட்டது; ‘நாடாவைத் திரும்பச் சுற்று’ என்று ஆங்கிலத்தில் திரை சொல்லிற்று. இரண்டாம் முறையும் அப்படியே. அண்ணன் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு டேப் ரிக்கார்டரின் தலையைத் துடைத்தார். பஞ்சு கறுப்பாயிற்று. மூன்றாம் முறை எல்லாத் தொகுதிகளும் ஏறின.

பெரியம்மாவை அழைத்து வந்து உட்கார வைத்துவிட்டு ஓடவிட்டேன். திரையில் ஒவ்வோர் எழுத்தாக “வணக்கம்” என்று வந்தது. ‘ண’ எட்டுப் பத்தியில் அடங்காது என்பதால் பெரியப்பா அதற்கு இரண்டு கட்டம் கொடுத்திருந்தார். பெரியம்மா ஒன்றும் பேசவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக் கொண்டார்.

பிறகு நிரலை வரிசையாகத் திரையில் வரவழைத்தேன். அதன் தொடக்கத்தில், பொறி படிக்காமல் விட்டுவிடும் குறிப்பு வரிகளில், ஏழு மாணவர்களின் பெயர்கள். எழுத்தை வரைந்தவர்கள் போலும்! அதில் ஒரு பெயரைக் கண்டு பெரியம்மா, “இந்தப் பெண் நம் வீட்டிற்குக் கணக்குப் படிக்க வருவாளே! கையெல்லாம் மையாக இருக்கும்” என்றார். பெரியப்பா இதைப் பற்றி வீட்டில் சொன்னதே இல்லையாம். நாற்பது ரூபாய்க்குப் போக இருந்தது இதுதான்.

அன்றே அந்த நிரலை ஒரு நோட்டில் கைப்பட எழுதி எடுத்தேன். கேசட்டின் ஒலியைக் கைப்பேசியிலும் பதிந்து வைத்தோம். நாடா இன்னொரு முறை ஓடும் என்பதற்கு என்ன உறுதி?

இதனால் என்ன பயன்?

“அணைத்தவுடன் கணிப்பொறியின் நினைவு எங்கே போகிறது?” என்று சகோதரி ஒரு நாள் என்னைக் கேட்டார். தற்காலிக நினைவகத்தில் உள்ளது அழிந்துவிடுகிறது. நாடாவிலோ வட்டிலோ பதிந்தது மட்டும் நிற்கிறது என்றேன். “நாடாவைப் படிக்கும் பொறி அழிந்துவிட்டால்?” என்றார். அதற்கும் அழிவுதான் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

ஓலைச்சுவடி படிக்க அழியாத கண்ணும் கற்ற நெஞ்சும் போதும். கேசட்டையும் ஃபிளாப்பி வட்டையும் படிக்க அதற்குரிய பொறி வேண்டும். பொறி இருந்தாலும் அதன் எழுத்து முறை தெரிய வேண்டும். தமிழையே எடுத்துக் கொள்வோம். 1985-இல் மலேசியாவின் முத்து நெடுமாறன் ‘முரசு’ என்னும் தமிழ் மென்பொருளைத் தொடங்கினார். 1998 பொங்கலன்று முனைவர் கு. கல்யாணசுந்தரம் மதுரைத் திட்டத்தைத் தொடங்கி, தொண்டர்களைக் கொண்டு பழந்தமிழ் நூல்களைக் கணிப்பொறியில் ஏற்றினார். ஆனால் அக்காலத்தில் ஆளுக்கொரு எழுத்து முறை இருந்தது. ஒரு முறையில் அடித்தது மற்றொன்றில் குப்பையாகத் தெரியும். மதுரைத் திட்டத்தார் பின்னர் நூல்களை ஒருங்குறிக்கு மாற்றி வெளியிட்டதால் அவை இன்று நமக்குக் கிடைக்கின்றன. மாற்றப்படாமல் யார் யார் வீட்டுப் பரணிலோ வட்டுகளில் உறங்கும் கதைகளும் கடிதங்களும் எத்தனையோ! ஆடிப்பெருக்கில் ஏடுகளை ஆற்றில் விட்ட பிழையை நாம் மீண்டும் செய்யலாமா?

இன்னொன்றும் உண்டு. பழைய கணிப்பொறிகளின் பற்றாசில் ஈயம் இருக்கிறது. செம்புக்காக அவற்றைத் திறந்தவெளியில் எரித்தால் காற்றும் மண்ணும் நஞ்சாகும். இத்தகைய கழிவுகளை முறைப்படி பிரித்தெடுக்க மைய அரசு 2022-இல் புதிய விதிகளை வெளியிட்டு 2023 ஏப்ரல் முதல் நடைமுறைப்படுத்தியது. எனவே சீர்செய்ய முடியாததை அனுமதி பெற்ற நிலையத்திற்கே கொடுக்க வேண்டும்.

எல்லாப் பொறிகளையும் வீட்டில் சேர்த்து வைக்க முடியாது என்பதை நான் அறிவேன். அம்மாவும் அதைத் தினமும் நினைவூட்டுகிறார். ஆனால் கழிக்கும் முன் ஒரு முறை திறந்து பார்க்கலாம். உள்ளே இருப்பதைப் படியெடுத்துக் கொள்ளலாம். பெட்டியின் மேல் யாருடையது, எந்த ஆண்டு என்று ஒரு சீட்டு எழுதி ஒட்டலாம். பெரியப்பா எழுதிய இரண்டே சொற்கள் இல்லையென்றால் அந்தக் கேசட்டில் நான் சினிமாப் பாட்டுப் பதிந்திருப்பேன்.

முடிவுரை

அருங்காட்சியகத்தில் சகோதரி கேட்ட வினாவிற்கு விடை கிடைத்துவிட்டது. நூறு ஆண்டுக்குப் பின் ஒரு பொருள் அங்கே போய்ச் சேர வேண்டுமானால், இடைப்பட்ட ஒவ்வொரு தலைமுறையிலும் ஒருவர் அதைத் தூக்கி எறியாமல் இருக்க வேண்டும். பெரியப்பா ஏலத்தில் எடுத்தார். பெரியம்மா சேலையில் சுற்றி வைத்தார். மெக்கானிக் அண்ணன் கண்டென்ஸர் மாற்றினார். இப்போது என் முறை.

அந்த பி.பி.சி. மைக்ரோ இன்று எங்கள் வீட்டு மேசையில் இருக்கிறது. தேர்வு முடியும் வரை தொடக் கூடாது என்பது அப்பாவின் கட்டளை. விடுமுறையில் ஞாயிறுதோறும், அம்மா சுவிட்சைப் போட்டுக் கொடுத்த பின், நாங்கள் நால்வர் சேர்ந்து மீதமுள்ள தமிழ் எழுத்துகளை வரையப் போகிறோம். வரைபடத் தாளும் பென்சிலும் கொண்டு வரும் தோழியர் எவரும் வரலாம். நிரலின் குறிப்பு வரிகளில், அந்த ஏழு பெயர்களுக்குக் கீழே, இடம் இருக்கிறது.